அரசூரின் பெயர் தாங்கிய தடுப்பூசி

சென்ற கார்த்திகையில் சந்தையிலிருந்து 2 வெள்ளாட்டுப் பெட்டைகளை வாங்கி வந்து, அன்று மாலையே கொட்டிலில் இருந்த 14 ஆடுகளோடு சேர்த்துக் கட்டினேன். ஐந்தாம் நாள் புதியவற்றில் ஒன்று தழையை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. மறுநாள் கண்ணிலும் மூக்கிலும் வடிந்த நீர், அடுத்த இரண்டு நாளில் சீழாகக் கெட்டிப்பட்டு மூக்குத் துளைகளை அடைத்தது. வாய்க்குள் புண், நாற்றமடிக்கும் கழிச்சல், இழுத்து இழுத்து விடும் மூச்சு. எல்லாம் அடங்கியபோது 5 ஆடுகள் இறந்திருந்தன. சினையாக இருந்த ஒன்றுக்குக் கரு கலைந்திருந்தது.

பார்க்க வந்த கால்நடை மருத்துவர், இது ஆட்டுக்கொல்லி நோய் என்றார். இதற்குக் காரணமான நச்சுயிரியை (வைரஸை)க் கொல்லும் மருந்து கிடையாது, பின்னால் வந்து தொற்றும் பாக்டீரியாக்களை அடக்கத்தான் ஊசி என்று விளக்கிவிட்டு, "தடுப்பூசி எப்போது போட்டீர்கள்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அந்தக் கூச்சத்தில்தான் இந்நோயைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

இந்நோய் முதன்முதலில் 1942-இல் மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட்டில் விவரிக்கப்பட்டது. இந்தியாவில் இது முதன்முதலில் உறுதிசெய்யப்பட்ட இடம், இன்றைய விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள அரசூர் என்பதைப் படித்தபோது வியந்தேன். 1987-இல் அங்கே செம்மறியாடுகள் நோயுற்றன. ஆடுகளில் இத்தகைய அறிகுறிகளைக் கண்டால், மாடுகளைக் கொத்துக் கொத்தாகக் கொன்ற வெக்கை நோய்தான் ஆட்டுக்கும் தாவிவிட்டது என்று எண்ணும் வழக்கம் அதுவரை இருந்தது. அப்படி எண்ணியதில் பெரிய பிழையும் இல்லை. இரண்டு நச்சுயிரிகளும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை, மனிதர்க்கு வரும் தட்டம்மையும் அவற்றுக்கு உறவுதான். ஆய்வுக்கூடத்தில் பிரித்துப் பார்த்த பிறகுதான் இது வேறு நோய் என்பது தெளிவாயிற்று.

பெயரை மாற்றி எழுதுவதோடு முடிகிற செய்தி அல்ல இது. வெக்கை நோய்க்கான தடுப்பூசியே ஆட்டுக்கொல்லியையும் ஓரளவு தடுத்ததால், அதையே ஆடுகளுக்கும் போட்டு வந்தார்கள். ஆனால் ஒரு நாடு வெக்கை நோயிலிருந்து விடுபட்டுவிட்டது என்று மெய்ப்பிக்க வேண்டுமானால், தடுப்பூசியை நிறுத்திவிட்டு, கால்நடைகளின் இரத்தத்தில் அந்நோய்க்கான எதிர்ப்புப் பொருள் இல்லை என்று காட்டியாக வேண்டும். ஆட்டுக்கு அதே ஊசியைப் போட்டுக்கொண்டே போனால் அந்தக் கணக்கு குழம்பிவிடும். எனவே ஆட்டுக்கொல்லிக்கென்றே தனித் தடுப்பூசி தேவைப்பட்டது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம், அரசூரில் கிடைத்த நச்சுயிரியை ஆய்வுக்கூடத்து உயிரணுக்களில் திரும்பத் திரும்ப வளர்த்து, நோய் தரும் வீரியம் குன்றி எதிர்ப்பாற்றல் தரும் குணம் மட்டும் நிற்கும்படி செய்து, 'அரசூர் 87' என்ற தடுப்பூசியை உருவாக்கியது. இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய 'சுங்ரி 96' மற்றொன்று. வெக்கை நோய் இந்தியாவில் கடைசியாக 1995-இல், அதுவும் தமிழ்நாட்டில் காணப்பட்டது. 2011-இல் உலகம் முழுவதும் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. மனிதன் அடியோடு ஒழித்த தொற்றுநோய்களில் பெரியம்மைக்கு அடுத்தது அதுதான்.

ஆடு செத்தால் இறைச்சியும் பாலும் பணமும் மட்டும் போவதில்லை. இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகள் என்னும் ஆட்டு மந்தைக்காரர்கள் கோடையில் தஞ்சை வரை மந்தையை ஓட்டிச் சென்று, அறுவடை முடிந்த வயல்களில் கிடை போடுகிறார்கள். 'ஆட்டு எரு அவ்வருடம், மாட்டு எரு மறு வருடம்' என்ற பழமொழி சொல்வதுபோல, புழுக்கையும் மூத்திரமும் உடனடியாக மண்ணில் சேர்வதால் அடுத்த பயிருக்கு வாங்கிப் போடும் உரம் குறைகிறது. மந்தையில் இந்நோய் புகுந்துவிட்டால், தம் ஆடுகளுக்கு அஞ்சி எந்த ஊரும் அதை உள்ளே விடாது. இரசாயன உரத்தைக் குறைக்கும்படி உழவர்களுக்கு அறிவுரை கூறுவோர் ஆட்டுத் தடுப்பூசியைப் பற்றி வாய் திறப்பதில்லை என்பது எனக்கு இருக்கும் சிறு மனக்குறை.

ஊசி போடுவது எளிது: 1 மில்லி, தோலுக்கு அடியில், ஒருமுறை போட்டால் குறைந்தது மூன்று ஆண்டுகள் தாங்கும். ஆனால் அது உயிருள்ள நச்சுயிரி. உறைய வைத்து உலர்த்திய பொடியாக வருகிறது. வழியெல்லாம் குளிர் குறையக் கூடாது, கரைத்த பிறகு வெகுநேரம் வைத்திருக்கவும் கூடாது. மேய்ச்சலுக்குப் போய்விட்ட மந்தையைத் தேடி, பங்குனி வெயிலில் பனிக்கட்டிப் பெட்டியோடு அலையும் கால்நடை ஆய்வாளர் படும் பாட்டை நினைத்தால், ஆய்வுக்கூடத்து வேலையே பரவாயில்லை என்று தோன்றுகிறது. 2015-இல் ஐவரி கோஸ்ட்டின் அபிஜானிலேயே கூடி, 2030-க்குள் இந்நோயையும் ஒழிப்பது என்று உலக நாடுகள் இலக்கு வைத்தன.

எஞ்சிய ஆடுகள் தேறிவிட்டன. நோயிலிருந்து மீண்டவற்றுக்கு மறுபடி இது வராதாம். தை மாதம் பிறந்த 3 குட்டிகளுக்கு நான்காம் மாதம் முடிந்ததும் ஊசி போடவேண்டிய நாளைக் கொட்டில் தூணில் சுண்ணாம்பால் எழுதி வைத்திருக்கிறேன். புதிதாக ஆடு வாங்கினால் மூன்று வாரம் தனியே கட்டுவதற்காகக் கிணற்றடியில் ஒரு கீற்றுச் சாய்ப்பும் இறக்கியாயிற்று.