சர்க்கரை நோய் வீடியோக்களை எடைபோட ஒரு கேள்வித்தாள்

மதுரையில் எங்கள் சர்க்கரை நோயாளிகள் குழுவுக்கு வாட்ஸ்அப்பில் வரும் மருத்துவ வீடியோக்களைத் தரம் பார்க்க ஒரு கேள்வித்தாள் தயாரித்தோம். ஒரு மருத்துவர், ஒரு பள்ளி ஆசிரியை, நோயாளிகள் சிலர், அப்புறம் நான். இதே வேலையில் இறங்க நினைப்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

ஏற்கெனவே இருப்பதை எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் தொடங்கினோம். ஜெனீவாவில் இயங்கிய ஹெல்த் ஆன் தி நெட் அமைப்பு நம்பகமான மருத்துவ இணையதளங்களுக்கு முத்திரை கொடுத்து வந்தது. 2022 கடைசியில் அது நின்றுவிட்டது. அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் 1997-ல் வந்த நான்கு அளவுகோல்கள் எளிமையானவை: எழுதியவர் யார், ஆதாரம் என்ன, பின்னால் யார் பணம் இருக்கிறது, எப்போது எழுதியது. பிரிட்டனில் 1999-ல் வெளியான டிஸ்கர்ன் என்ற கேள்வித்தாள் இன்னும் விரிவானது. 16 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். சிகிச்சையின் பலன், ஆபத்து, சிகிச்சையே எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதையெல்லாம் சொல்லியிருக்கிறார்களா என்று அது கேட்கும்.

இவற்றைத் தமிழாக்கி, ஆளுக்கு ஆள் தனியாக உட்கார்ந்து மதிப்பெண் போட்டோம். வெள்ளைக் கோட்டு, பட்டம், தேதி, ஆய்வுக் கட்டுரையின் படம் எல்லாம் காட்டிவிட்டு, வெந்தயம் சாப்பிட்டால் இன்சுலினை நிறுத்தலாம் என்ற வீடியோ நல்ல மதிப்பெண் வாங்கியது. கால் புண்ணை எப்படிக் கவனிப்பது என்று ஒரு நர்ஸ் பொறுமையாகச் சொன்ன வீடியோ, ஆதாரம் காட்டாததால் பின்தங்கியது. டிஸ்கர்ன் மேல் குற்றமில்லை. அது எழுத்து வடிவத் தகவலுக்காகச் செய்யப்பட்டது. சொல்வது அறிவியல்படி சரியா என்று சோதிப்பது அதன் வேலையல்ல.

அதனால் எங்கள் தாளின் முதல் கேள்வி இதுதான்: மருத்துவரைக் கேட்காமல் மருந்தை நிறுத்தவோ குறைக்கவோ சொல்கிறதா? ஆம் என்றால் அதோடு சரி, மேற்கொண்டு மதிப்பெண்ணே கிடையாது. இதில் நான் பிடிவாதமாக இருந்தேன். டைப் 1 சர்க்கரை நோய் (உடலில் இன்சுலின் அநேகமாகச் சுரக்காத வகை) உள்ள குழந்தைக்கு இன்சுலினை நிறுத்தினால் ஓரிரு நாளிலேயே ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் ஏறி உயிருக்கே ஆபத்தாகும். மற்ற நல்ல விஷயங்கள் எத்தனை இருந்தாலும் இதற்கு ஈடாகாது.

இரண்டாவது, எதையாவது விற்கிறார்களா? சர்க்கரை நோயைக் குணப்படுத்தும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் சட்டமே தடுக்கிறது. பலருக்கு இது தெரியவில்லை, அதனால் தாளிலேயே அச்சிட்டோம்.

"ஆதாரம் தெளிவாக இருக்கிறதா" என்ற கேள்விக்கு மருத்துவர் 2 போட்டார், ஆசிரியை 4 போட்டார். பேசிப் பார்த்ததில், இருவர் மனதிலும் 'தெளிவு' வேறு வேறாக இருந்தது. எண்களை விட்டுவிட்டு ஆம், இல்லை, தெரியவில்லை என்று மாற்றி, ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் ஓர் உதாரணம் எழுதினோம். அதற்கப்புறம் சண்டை வெகுவாகக் குறைந்தது.

எனக்குப் பிடித்த கேள்வி ஒரு நோயாளி அம்மா கொடுத்தது. கீரைச் சாறு வீடியோவைப் பார்த்துவிட்டு, "எனக்குக் கிட்னியும் கெட்டிருக்கு, இது எனக்குமா சொல்றாங்க?" என்றார். கீரையில் பொட்டாசியம் அதிகம்; சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அது ரத்தத்தில் ஏறினால் இதயத்துக்கு ஆபத்து. எங்களில் யாருக்கும் அது தோன்றவில்லை. யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது என்று சொல்கிறதா என்பதை மூன்றாவதாக வைத்தோம். கேள்வித்தாள் தயாரிப்பவர்கள் நோயாளிகளை முதல் கூட்டத்திலேயே உட்கார வையுங்கள். எல்லாம் முடிந்தபின் காட்டிக் கருத்துக் கேட்பது போதாது.

இப்போது தாள் ஒரே பக்கம், பெரிய எழுத்து. படிக்கத் தெரியாதவர்களுக்காக ஆசிரியை கேள்விகளைத் தன் குரலில் பதிவு செய்துகொண்டிருக்கிறார்.