கத்திக்கு முன் ஊசி

நாய்க்கும் புற்று வருமா என்று கேட்பவர்கள், சி.எம்.சி. இருக்கிற வேலூரிலும் உண்டு. வரும். பார்க்கக் கோரமான கட்டிக்குப் பதறி ஓடிவருவதும், சாதுவாக இருப்பதைக் கோட்டை விடுவதும்தான் இங்கே வழக்கம்.

தெருவில் அவிழ்த்துவிட்டு வளரும் நாட்டு நாய்களின் பிறப்புறுப்பில் காலிஃபிளவர் மாதிரி வளர்ந்து ரத்தம் சொட்டும் கட்டி ஒன்று. இணைசேரும்போது புற்றணுக்களே நேராக ஒட்டிப் பரவும். பெட்டை என்றால் பருவம் என்றும், ஆண் என்றால் நீர்க்கடுப்பு என்றும் நினைத்தே மாதங்கள் ஓடும். முகர்வதால் மூக்கிலும் வரும். அங்கே ரத்தம் கண்டதும் உண்ணிக் காய்ச்சல் என்று நினைத்து, அதற்கான மாத்திரையோடு நின்றுவிடக் கூடாது.

கத்தி எடுக்கும் முன் 22 கேஜ் ஊசியால் இரண்டு மூன்று திசையில் குத்தி, வருவதை ஸ்லைடில் தடவிக் காயவைத்துச் சாயம் போட்டுப் பார்க்க வேண்டும். சிரிஞ்சைப் பலமாக இழுத்தால் ரத்தம்தான் நிறையும், ஸ்லைடு வீண். உருண்டை அணுக்களும் உள்ளே சிறு வெற்றுக் குமிழ்களும் தெரிந்தால் பெரும்பாலும் அறுவை வேண்டாம், வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் ஊசிமருந்து போதும். கிலோவுக்கு 0.025 மி.கி.; 20 கிலோ நாய்க்கு 0.5 மி.கி., வாரம் ஒன்று, வழக்கமாக 4 முதல் 6 வாரம். ஒவ்வொரு ஊசிக்கும் முன் ரத்தப் பரிசோதனை. வெள்ளணு மைக்ரோலிட்டருக்கு 4,000-க்குக் கீழே இறங்கினால் ஒரு வாரம் தள்ளிப்போட வேண்டும். ரத்தக்குழாய்க்கு வெளியே கசிந்தால் அந்த இடம் அழுகிப் புண்ணாகும். வென்ஃப்ளான் (ரத்தக்குழாயில் செருகிவைக்கும் மெல்லிய குழாய்) போட்டு, சலைன் தடையின்றி ஏறுவதைப் பார்த்த பிறகே மருந்து. இரண்டாவது ஊசியிலேயே சொட்டுவது நின்றுவிடும். சிக்கலே அதுதான்: குணமாகிவிட்டது என்று நிறுத்திவிடுவார்கள், மிச்சம் மீண்டும் வளரும்.

பெட்டை நாயின் மடியில் வரும் கட்டி இதற்கு நேர் எதிர். வேர்க்கடலை அளவில் வலியில்லாமல் கிடக்கும், பெரும்பாலும் பின்னிரண்டு ஜோடி மடியில். ஏறக்குறைய பாதி புற்றாக இருக்கும். சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்துப் பூசிக் காத்திருப்பதில் அது 3 செ.மீ. தாண்டிவிடும், அப்புறம் பிழைக்கும் வாய்ப்பு குறைகிறது. இதில் ஊசிச் சோதனையை மட்டும் நம்ப முடியாது. அறுவைக்கு முன், நுரையீரலுக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்க நெஞ்சு எக்ஸ்ரே, இரண்டு பக்கமும் படுக்கவைத்து. ஒரு பக்கம் மட்டும் எடுத்தால், கீழ்ப்பக்க நுரையீரல் அமுங்கிப் புற்றுப் புள்ளிகளை மறைத்துவிடும்.

அறுத்தெடுத்த கட்டியைக் குப்பையில் போடுவது பெரிய தவறு. கட்டியைப் போல் பத்து மடங்கு அளவு 10% ஃபார்மலினில் (சதை கெடாமல் காக்கும் திரவம்) போட்டு ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். பெரிய கட்டியை முழுசாக முக்கினால், வேலூர் மே மாத வெயிலில் ஃபார்மலின் உள்ளே இறங்குவதற்குள் நடுப்பகுதி கெட்டுவிடும், 1 செ.மீ. இடைவெளியில் பாதி ஆழத்துக்குக் கீறிவிட வேண்டும். எந்தப் பக்கம், எத்தனையாவது காம்பு என்பதைப் பாட்டிலின் உடம்பில் எழுதுங்கள். மூடியில் எழுதினால் மூடி மாறிப்போகும்.