மாமாவின் புள்ளி

சனசமூக நிலையத்தின் ஆண்டுப் பொதுக்கூட்ட அறிவித்தலைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு மாமா வந்தார். சென்ற ஆண்டு பஸ் நிலையத்துக்கு அருகே ஒட்டியதை மான்கள் தின்றுவிட்டனவாம். இந்த முறை ஐந்து பிரதிகள் வேண்டும். கோதுமை மாப் பசை பூசி ஒட்டினால் திருகோணமலை மான்கள் அதை விருந்துக்கு அழைப்பு என்றே எடுத்துக்கொள்கின்றன.

உபுண்டு இயங்குதளம் ஓடும் என் கணினியில் கோப்பைத் திறந்தேன். தலைப்பில் ஜே, பி, யூ, எஃப், அரைப்புள்ளி என்று ஆங்கிலம் வரிசைகட்டி நின்றது.

"உம்முடைய கணினிக்குத் தமிழ் தெரியாதோ?"

தெரியும், பாமினி என்ற பழைய எழுத்துருதான் தெரியாது. எல்லாக் கணினிக்கும் பொதுவான யுனிகோடு முறையில் அமையாத அந்த எழுத்துருவில் ஆங்கில எழுத்துகளின் ஆசனத்தில்தான் தமிழ் எழுத்துகள் குந்தியிருக்கின்றன. ஜே அடித்தால் 'த'. எஃப்புக்குப் பின் அரைப்புள்ளி அடித்தால் 'க்'. எழுத்துரு இல்லாத கணினியில் வேடம் கலைந்துவிடும். மாமாவுக்கோ வேடம் கலைந்தாலும் தமிழ்தான். கண்ணாடிகூடப் போடாமல் "திருக்கோணமலை" என்று வாசித்தார்.

எழுத்துருவும் பென் டிரைவிலேயே இருந்தது. அதை வைத்திருந்த கோப்புறைக்கும் அதே பாமினி விரல்களால், அரைப்புள்ளியும் சேர, ஊரின் பெயரையே சூட்டியிருந்தார். சுட்டியால் இழுத்துப் போட்டிருந்தால் அரை நிமிட வேலை. மாமாவுக்கு முன்னால் வித்தை காட்டும் ஆசையில் கட்டளைகளைத் தட்டச்சிடும் டெர்மினலைத் திறந்து, பிரதியெடுக்கும் கட்டளையை எழுத்தெழுத்தாக அடித்தேன்.

ஒரு கட்டளைக்கு இரண்டு திட்டு விழுந்தது. எங்கே பிரதியெடுப்பது என்று ஒன்று. அப்படி ஒரு கோப்பே இல்லை என்று மற்றொன்று. கால் மணி நேரம் விழித்த பிறகுதான் விளங்கியது. அரைப்புள்ளியைக் கண்டால் ஒரு கட்டளை முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று, கட்டளைகளை வாசித்து இயக்கும் ஷெல் எடுத்துக்கொள்ளும். மாமாவின் புள்ளி ஊரை 'திருக' என்றும் 'கோணமலை' என்றும் இரண்டாக அறுத்துப் போட்டிருந்தது.

வந்த சினத்தில் இரண்டு பாதைகளையும் ஒற்றை மேற்கோள்குறிக்குள் அடைத்தேன். அதற்குள் அகப்பட்ட அலைக்குறி (~) என் வீட்டுக் கோப்புறையைக் காட்ட மறுத்து, வெறும் அலைக்குறியாகவே கிடந்தது. அதை மட்டும் வெளியே எடுத்துவிட்டு, எஃப்சி-கேஷ் கட்டளையால் எழுத்துருப் பட்டியலையும் புதுப்பித்து, அறிவித்தலைத் திறந்திருந்த லிப்ரே ஆபிஸை மூடித் திறந்தேன். தமிழ் வந்தது.

மாமா தேநீரை முடித்துவிட்டு ஆற அமர வாசித்தார்.

"தம்பி, 'பொருளாளர்' என்பதில் கடைசிப் புள்ளி விடுபட்டிருக்கிறது. ஒரு அரைப்புள்ளி அடியும்."

எந்தச் சாளரத்தில் நிற்கிறேன் என்று இருமுறை பார்த்துவிட்டே அடித்தேன்.