முப்பதா, அறுபதா?

என் வேலை என்ன என்று கேட்டால் இப்படித்தான் சொல்வேன்: ஒரே இனத்தைச் சேர்ந்த பல உயிர்களின் டி.என்.ஏ.வை அருகருகே வைத்து, எழுத்து எங்கே மாறுகிறது, ஏன் மாறுகிறது என்று பார்க்கிறேன். எந்த இரண்டு மனிதர்களை எடுத்தாலும் சுமார் ஆயிரம் எழுத்துக்கு ஒன்றுதான் வேறாக இருக்கும். அந்த ஒரு எழுத்தின் பின்னால் இருபது வருடம் போய்விட்டது.

என்னை இந்தப் பக்கம் இழுத்தது 1983-இல் மரபியலாளர் மார்ட்டின் கிரைட்மன் வெளியிட்ட ஒரு கட்டுரை. பழ ஈயில் ஆல்கஹாலைச் சிதைக்கும் நொதிக்கான மரபணுவை எடுத்து, அதன் 11 பிரதிகளை எழுத்தெழுத்தாகப் படித்தார். ஜெல்லில் விழும் பட்டைகளைக் கண்ணால் பார்த்துக் குறித்த காலம் அது. மொத்தம் 43 இடங்களில் மாறுபாடு கிடைத்தது. அவற்றில் புரதத்தை மாற்றியது ஒன்றே ஒன்று! மற்ற 42-ம் புரதத்தைத் தொடவே இல்லை. அப்படியானால் புரதத்தைக் கெடுக்கும் மாற்றங்களை யாரோ சத்தமில்லாமல் களையெடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். இயற்கைத் தேர்வை நேரில் பார்த்ததுபோல இருந்தது எனக்கு.

அதனாலேயே ஜப்பானிய மரபியலாளர் மோட்டூ கிமுரா 1968-இல் சொன்னது ஆரம்பத்தில் எனக்குப் பிடிக்கவில்லை. மூலக்கூறு அளவில் நிலைபெறும் மாற்றங்களில் பெரும்பாலானவை நன்மையும் செய்யாதவை, தீமையும் செய்யாதவை. வெறும் தற்செயலால் பரவியவை என்றார் அவர். எனக்கோ எங்கு பார்த்தாலும் தேர்வின் கைவண்ணம்தான் தெரிந்தது.

முனைவர் பட்டம் முடித்த அடுத்த வருடம், 40 காட்டு எலிகளின் மரபணுத்தொகுதியை அலசிக்கொண்டிருந்தேன். எங்கே எவ்வளவு மாறுபாடு என்று காட்டும் வரைபடம் ஒரு மரபணுவின் இடத்தில் சிகரமாக எழும்பி நின்றது. ஒவ்வொரு எலியிலும் அந்த மரபணுவின் இரண்டு வடிவங்களும் இருந்தன, 40-லும். இரண்டு வடிவங்களையும் சேர்த்து வைத்திருந்தால்தான் எலிக்கு நல்லது, அதனால் தேர்வு இரண்டையும் காப்பாற்றுகிறது என்று முடிவு கட்டினேன். எட்டு மாதம் அதிலேயே கிடந்தேன். கட்டுரையும் பாதி எழுதியாகிவிட்டது.

ஒருநாள் இரவு சாதாரணமாக ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பெற்றோர் இருவரிடமும் இரண்டு வடிவங்களும் இருந்தால், குட்டிகளில் சராசரியாகப் பாதிக்கு ஒரே வடிவம் இரட்டையாகப் போய்ச் சேரும். அப்படி ஒரு எலிகூட என் மாதிரியில் இல்லை என்றால், ஒவ்வொரு தலைமுறையிலும் பாதிக் குட்டிகள் இந்த ஒரு மரபணுவாலேயே செத்துப்போக வேண்டும். நடக்கிற காரியமா?

உடனே மூலத் தரவைத் திறந்தேன். டி.என்.ஏ.வைச் சிறு துண்டுகளாகப் படித்து, ஏற்கெனவே முழுதாகப் படித்து வைத்த ஒரு மாதிரித் தொகுதியின் மேல் பொருந்தும் இடத்தில் அடுக்குவோம்; ஒரு எழுத்தின் மேல் எத்தனை துண்டு விழுகிறதோ அதுதான் ஆழம். மற்ற இடங்களில் அது சராசரியாக 30. அந்தச் சிகரத்தில் மட்டும் 60. அப்போதுதான் புரிந்தது. எலியில் அந்த மரபணு இரண்டு இடங்களில் இருக்கிறது. அந்த மாதிரித் தொகுதியிலோ ஒரே இடத்தில்தான் பதிவாகியிருந்தது. இரண்டு இடத்துத் துண்டுகளும் ஒன்றின் மேல் ஒன்று வந்து விழ, இரு பிரதிகளுக்கு இடையிலான வித்தியாசத்தை நான் இரு வடிவங்களாகப் படித்திருக்கிறேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை.

அப்புறம்தான் கிமுராவிடம் திரும்பிப் போனேன், இந்த முறை மரியாதையோடு. தேர்வே இல்லாவிட்டால் என்ன தெரியும் என்று முதலில் கேட்கக் கற்றுக்கொண்டேன். கணிதவியலாளர் ஜான் கிங்மன் 1982-இல் இதற்கு அழகான வழி காட்டியிருந்தார்: இன்றைய பிரதிகளிலிருந்து பின்னோக்கிப் போனால், அவற்றின் வம்சக் கோடுகள் இரண்டிரண்டாக இணைந்து கடைசியில் ஒரே மூதாதையிடம் போய் நிற்கும். இதைக் கணினியில் ஆயிரக்கணக்கான முறை ஓட்டலாம். இடையில் எலிகளின் எண்ணிக்கை ஒருமுறை சரிந்து மீண்டதாக வைத்து ஓட்டினேன். எந்தத் தேர்வும் இல்லாமலே, நான் கொண்டாடிய வேறு சில சிகரங்களும் அதே உயரத்தில் எழும்பின. வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் மிஞ்சிய இரண்டு மூன்று சிகரங்களை இன்றும் நம்புகிறேன்.

போன வாரம் ஒரு மாணவி மடிக்கணினியோடு வந்து நின்றாள். திரையில் ஒரு சிகரம். நான் வாயைத் திறப்பதற்குள், "ஆழம் பார்த்துட்டேன் மேடம், முப்பதுதான். எண்ணிக்கை சரிஞ்சதா வச்சும் ஓட்டிட்டேன், இந்த உயரம் வரல" என்றாள்.

நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.