96 ஃபிரேம் கோபம்

கோபத்தை அனிமேட் பண்ணுவது சுலபம் என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். புருவத்தை இறக்கு, பல்லைக் காட்டு, முஷ்டியை மடக்கு, போதாவிட்டால் காதில் புகை விடு. 2015இல் வந்த இன்சைட் அவுட் படத்தில் கோபத்துக்கென்றே ஒரு ஆள் உண்டு, செங்கல் மாதிரி சிவப்பாக, கட்டையாக இருப்பான், உச்சத்துக்குப் போனால் நிஜமாகவே மண்டையில் தீப்பிடிக்கும். அந்த மாதிரி ஷாட் கையில் கொடுத்தால் ரெண்டு நாளில் முடித்துக் கொடுத்துவிடுவேன். என்னை மூன்று வாரம் அலைக்கழித்தது ஒரு கிழவி சும்மா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற ஷாட்.

கோயமுத்தூரில் அவினாசி ரோட்டை ஒட்டி ஒரு சின்ன ஸ்டுடியோ, பேர் வேண்டாம். வெளிநாட்டுக் குழந்தைகள் தொடர்களுக்கு அனிமேஷன் செய்து அனுப்புவோம். திருப்பூரில் பனியனுக்குக் கை ஒட்டித் தருகிற மாதிரிதான் இதுவும், ஜாப் ஒர்க், கழுத்து வேற எங்கேயோ தைப்பாங்க என்று எங்கள் லீட் அக்கா சொல்வார். கதை எங்களுடையது இல்லை, பொம்மை எங்களுடையது இல்லை, அது அசைகிற அசைவு மட்டும் எங்களுடையது.

ஷாட் இதுதான். ஒரு ராஜமாதா. எதிரில் நிற்கிற மந்திரி அவள் முகத்தைப் பார்த்தே பொய் சொல்கிறான். அவளுக்கு அது பொய் என்று தெரியும். அவள் பேச வேண்டியது ஒரே வரி, "நல்லது, நீங்கள் போகலாம்." நொடிக்கு 24 ஃபிரேம், மொத்தம் 96 ஃபிரேம், அதாவது நான்கே நொடி. கூடவே வந்த குறிப்பில், அவள் கடுங்கோபத்தில் இருக்கிறாள், மந்திரிக்கு அது தெரியக் கூடாது, படம் பார்க்கிற குழந்தைக்குத் தெரிய வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். படித்துவிட்டுச் சிரித்தேன். அப்புறம் சிரிப்பு வரவில்லை.

முதல் தடவை எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் கொட்டினேன். தாடை இறுகியது, மூக்கு விடைத்தது, நாற்காலிக் கைப்பிடியில் விரல் நடுங்கியது. அக்கா வந்து நின்று நாலைந்து முறை ஓட விட்டுப் பார்த்தார். "ஏன் தம்பி, இந்தம்மாவுக்குக் குளிர் காய்ச்சலா?" என்று கேட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

இரண்டாவது தடவை எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். அதில் வேறு வில்லங்கம். கையால் வரைகிற படத்தில் ஒரு ஓவியத்தை அப்படியே கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தால்கூடக் கண் பொறுத்துக்கொள்ளும், கம்ப்யூட்டர் பொம்மையை அப்படி நிறுத்தினால் அந்த நிமிஷமே பிணமாகிவிடும். அதனால் நிற்கும்போதும் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும், மூச்சு, தலையின் பாரம், கண்ணில் ஒரு துளி அசைவு. மூவிங் ஹோல்ட் என்பார்கள். படிக்கும்போது கரும்பலகையில் பார்த்த வார்த்தை, அதன் மேல்தான் ஒரு கதாபாத்திரத்தின் மொத்தக் கோபத்தையும் உட்கார வைக்க வேண்டியிருக்கும் என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை.

சரி, பெரிய ஆட்கள் எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று பார்ப்போமே என்று ராத்திரியெல்லாம் படங்களை ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திப் பார்த்தேன். 1959இல் வந்த ஸ்லீப்பிங் பியூட்டியில் மேலிஃபிசென்ட் என்கிற சூனியக்காரி. மார்க் டேவிஸ் அனிமேட் செய்தது. அவளுடைய அடியாட்கள் இளவரசியைப் பதினாறு வருஷமாகத் தேடியிருக்கிறார்கள், அவ்வளவு வருஷமும் தொட்டில் தொட்டிலாகத் தேடியிருக்கிறார்கள், குழந்தை வளரும் என்பதே அந்த மூளைகளுக்கு எட்டவில்லை. அதைக் கேட்டதும் அவள் முதலில் சிரிக்கிறாள். அவள் சிரிக்கிறாளே என்று அந்த மடையன்களும் சேர்ந்து சிரிக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் மின்னல் இறங்குகிறது. எனக்கு மின்னல் பெரிசாகத் தெரியவில்லை, அந்தச் சிரிப்பைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

2004இல் வந்த தி இன்க்ரெடிபிள்ஸ் படத்தில் பாப் என்கிற முன்னாள் சூப்பர்ஹீரோ ஒரு இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்க்கிறான். கட்டடத்தையே தூக்குகிற ஆள், குட்டி நாற்காலியில் ஒடுங்கி உட்கார்ந்திருப்பான், அவன் இடுப்பளவுகூட வராத முதலாளி மேஜைப் பென்சில்களை வரிசை கலையாமல் அடுக்கிக்கொண்டே, கம்பெனி என்பது ஒரு பெரிய கடிகாரம் மாதிரி என்று பாடம் நடத்துவார். ஜன்னலுக்கு வெளியே ஒருத்தனை வழிப்பறி செய்கிறார்கள், பாப் போக முடியாது, போனால் வேலை போய்விடும். கடைசியில் அவன் முதலாளியைச் சுவர் சுவராகத் துளைத்து எறிவதெல்லாம் சரிதான், தியேட்டரில் கைதட்டுவார்கள். அதற்கு முன்னால், திருடன் தப்பிவிட்டான் என்று தணிந்த குரலில் ஒன்று சொல்வான் பாருங்கள், மாதச் சம்பளம் வாங்குகிற எவனுக்கும் அந்தக் குரல் தெரியும்.

ஜப்பானிய இயக்குநர் மியாசாகியின் இளவரசி மோனோனோகே (1997) இன்னொரு வகை. நாயகன் அஷிதாகாவின் முகத்தில் ஒன்றும் இருக்காது, சாபம் ஏறிய வலது கை மட்டும் தானாகக் கத்தியை உருவப் பார்க்கும், இடது கை அதைப் பிடித்து நிறுத்தும். ஒரே உடம்பில் கோபம் ஒரு கை, அடக்கம் ஒரு கை. இதைவிடப் பச்சையாக யாரும் சொல்லிவிட முடியாது.

இதையெல்லாம் பார்த்த பிறகுதான் ஒன்று உறைத்தது. டிஸ்னியின் பழைய அனிமேட்டர்கள் ஃபிராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் 1981இல் எழுதி வைத்த 12 விதிகளில் ஆன்டிசிபேஷன் என்று ஒன்று உண்டு. குதிக்கிறவன் முதலில் குனிவான், அடிக்கிறவன் முதலில் கையைப் பின்னால் கொண்டுபோவான். அடங்கிய கோபத்தில் அந்தக் குனிதல் மட்டும் இருக்கிறது, குதி வருவதே இல்லை. பார்க்கிறவன் குதியை எதிர்பார்த்துக்கொண்டே இருப்பான், வயிற்றைப் பிசையும். ஆனால் என் ராஜமாதா எதைக் குனிவாள்?

அந்த வாரம் ஊருக்குப் போனேன், காங்கயத்துக்கு அந்தப் பக்கம். பட்டியில் மாடில்லாமல் கிடந்த கட்டுத்தறியைப் பார்த்ததும் அப்பாரு, அதாவது தாத்தா, ஞாபகம் வந்தது. சின்ன வயசில் கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்கு என்னைக் கூட்டிப்போவார். அங்கே விலையை வாயால் பேச மாட்டார்கள், ஒரு துண்டைப் போட்டு மூடி அதற்கடியில் விரலைப் பிடித்துப் பேசுவார்கள், எத்தனை விரல் பிடிக்கிறார்களோ அதுதான் கணக்கு, சுற்றி நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. ஒரு தடவை எங்கள் மயிலைக் காளைக்கு ஒரு தரகர் துண்டுக்கடியில் என்ன விலை பிடித்தாரோ தெரியாது, அப்பாரு முகத்தில் ஒன்றும் மாறவில்லை. கையை மெதுவாக வெளியே எடுத்தார். துண்டை உதறவில்லை. முனையோடு முனை சேர்த்து நாலாக மடித்தார், ஒரு சுருக்கத்தைத் தடவி நீவினார், தோளில் போட்டுக்கொண்டு, "சேரிங்க, நீங்க வேற மாடு பாருங்க" என்றார். அவ்வளவுதான். மாட்டைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்துவிட்டோம். வழியில் எனக்குக் கடலை மிட்டாய்கூட வாங்கித் தந்தார். அந்தத் தரகரிடம் சாகிறவரைக்கும் பேசவில்லை.

எங்கள் கொங்குப் பக்கத்து வழக்கம் வெளியூர்க்காரர்களுக்கு லேசில் பிடிபடாது. மற்ற ஊரில் கோபம் வந்தால் மரியாதை குறையும், இங்கே கூடும். வாடா போடா என்று பேசுகிறவரைக்கும் ஒன்றும் பயமில்லை. பழகின ஆள் திடீரென்று உங்களுக்கு ஒரு 'ங்க' போட்டால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புவது நல்லது.

திங்கட்கிழமை வந்து ஷாட்டை அடியிலிருந்து மாற்றினேன். ராஜமாதாவின் மடியில் ஒரு சால்வை கிடந்தது, முதல் நாளிலிருந்தே கிடந்தது, நான்தான் கண்டுகொள்ளவில்லை. மந்திரி பேசி முடித்ததும் 20 ஃபிரேமுக்கு அவள் ஒன்றும் செய்யவில்லை, மூச்சு மட்டும், இமைகூடத் தட்டவில்லை. அப்புறம் சால்வையின் ஓரத்தை எடுத்து மடிக்கிறாள். மடிப்பை விரலால் நீவுகிறாள். நீவி முடித்த பிறகுதான் அவனை நிமிர்ந்து பார்த்து, "நல்லது, நீங்கள் போகலாம்." புருவத்தைத் தொடவே இல்லை. அக்கா இரண்டு முறை பார்த்தார். "இது எந்த ஊர் அம்மா?" என்றார். காங்கயம் என்றேன். தலையை ஆட்டிவிட்டு அனுப்பச் சொன்னார்.

அதற்கு அடுத்த மாதம்தான் அந்த மீட்டிங். டெலிவரி தேதியை ரெண்டு வாரம் முன்னால் இழுத்துவிட்டார்கள், ஞாயிற்றுக்கிழமையும் வர வேண்டும், அதற்குத் தனியாகக் காசு கிடையாது. அதுகூடப் பரவாயில்லை, தாமதத்துக்கெல்லாம் அனிமேஷன் டீம்தான் காரணம் என்று மேனேஜர் கிளையண்டிடம் சொன்னது ஸ்பீக்கரில் எங்கள் எல்லார் காதிலும் விழுந்தது. உண்மையில் நாங்கள் அசைக்க வேண்டிய பொம்மையின் மாடலே பத்து நாள் லேட்டாக வந்தது. அழைப்பு முடிந்ததும் அவர் அக்காவைப் பார்த்து, "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம், இல்லையா?" என்றார்.

அக்கா கையில் ஒரு பேனா இருந்தது. மூடியை எடுத்துப் பொருத்தினார், 'டக்' என்று சத்தம் வருகிறவரைக்கும் அழுத்தினார், நோட்டுக்கு இணையாகக் கிடத்தினார். "சரிங்க சார், நீங்க சொன்னா சரியாத்தானுங்க இருக்கும். ஞாயித்துக்கிழமை வரணுங்கறத ஒரு மெயில்ல மட்டும் போட்டு விட்டுருங்க. எங்களுக்கு மறந்துருமுங்க." முகத்தில் சிரிப்புகூட இருந்தது. உடுமலைக்காரன் ஒருத்தன், கோபியிலிருந்து வரும் ஒருத்தி, நான், மூன்று பேரும் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தோம். மேனேஜர் வெளியூர்க்காரர், நல்லபடியாக முடிந்தது என்று எழுந்து போனார். மெயில் வரவில்லை.

மூன்றாவது வாரம் அக்கா பேப்பர் போட்டுவிட்டார். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "அன்னைக்குக்கூட நல்லாத்தானேப்பா பேசினாங்க? கோபமா இருந்த மாதிரியே தெரியலையே, உனக்கு ஏதாவது தெரியுமா?" என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை வேலையை இனி நீயே பார்த்துக்கொள்ளேன் என்றும் சொன்னார்.

நான் கழுத்தில் கிடந்த ஐடி கார்டைக் கழற்றி, அதன் நாடாவைச் சுற்றிச் சுற்றி அட்டை மேல் வைத்துக்கொண்டிருந்தேன்.

"தெரியலீங்க சார்," என்றேன். "நீங்க சொன்னா சரியாத்தானுங்க இருக்கும்."