பேப்பர் கப்பைத் திட்டுறது ஈஸி

நான் பாக்குறது அக்கவுண்ட்ஸ் வேலை. சிங்கப்பூர் பங்குச் சந்தை எஸ்ஜிஎக்ஸ்ல லிஸ்ட் ஆன கம்பெனிங்க 2025 நிதியாண்டுலேர்ந்து ஸ்கோப் 1 (கம்பெனியே நேரா வெளிய விடுறது), ஸ்கோப் 2 (வாங்குற கரண்ட், குளிர்ச்சி மாதிரி சக்தியால வர்றது) கார்பன் கணக்கை காட்டியே ஆகணும்னு வந்ததும், பில்லெல்லாம் உங்ககிட்டதானே இருக்குன்னு சொல்லி அந்த ஷீட்டையும் என் தலையில கட்டிட்டாங்க. அதுவரைக்கும் கார்பன்னா எண்ணெய் ஆலைங்க இருக்குற ஜூரோங் தீவு சமாச்சாரம், ஆபீஸ் ஏரியா ஷென்டன் வே ரோட்டுல கண்ணாடி கட்டடத்துக்குள்ள உக்காந்து டைப் அடிக்கிறவனுக்கு என்னான்னுதான் இருந்தேன்.

மொதல்ல கரண்ட். சிங்கப்பூர்ல கரண்ட் ஏறக்குறைய 95 சதவீதம் இயற்கை எரிவாயுவுலதான் வருது, ஒரு யூனிட்டுக்கு சுமாரா 0.4 கிலோ கார்பன் டையாக்சைடு. எங்க பில்லை வச்சு பெருக்குனா வந்த எண்ணு ரொம்ப சின்னதா இருந்துச்சு, சந்தேகப்பட்டு ஃபெசிலிட்டி அண்ணன்கிட்ட கேட்டேன், "தம்பி, ஏர்கான் உங்க மீட்டர்ல இல்லப்பா, கட்டடத்தையே குளிரவைக்கிற சில்லர் மெஷின் லேண்ட்லார்டோடது, சர்வீஸ் சார்ஜ்ல போயிடும்"னாரு. ஆறு மணிக்கு மேல ஓடுனா மட்டும் ஓவர்டைம் ஏர்கான்னு தனியா பில் வரும், அதை மட்டும்தான் நாங்க கண்ணால பாக்குறோம். இந்த ஊரு ஆபீஸ் கட்டடத்துல கரண்ட்டை தின்னுறதுல முதலாளியே ஏர்கான்தான், அதை ஷீட்ல சேக்காம எங்க கம்பெனி ரொம்ப பச்சைன்னு போட்டா நல்லாவா இருக்கும்? வெளிய 32 டிகிரி வெயிலு, உள்ள ஒவ்வொரு சேர்லயும் ஒரு ஸ்வெட்டர் தொங்குது. அரசாங்க ஆபீஸ்லயே 25 டிகிரி வச்சிருக்காங்களேன்னு சொன்னதுக்கு, மேற்கு பக்க ஜன்னலோரம் உக்காந்திருக்கவங்க என்னை அடிக்க வந்துட்டாங்க லா. அவங்க மேலயும் தப்பில்ல, மத்தியானம் அங்க உக்காந்து பாத்தாதான் தெரியும்.

கேட்ட ரெண்டு ஸ்கோப்புல வராதுதான், இருந்தாலும் லேப்டாப்பு, ஃப்ளைட்டு கணக்கையும் போட்டுப் பாத்தேன். லேப்டாப்புதான் என்னை ரொம்ப யோசிக்க வச்சுச்சு. வருஷம் பூரா ஆபீஸ் நேரத்துக்கு ஓட்டுனாலும் கரண்ட் கணக்குல அதிகம் போனா 30, 40 கிலோ கார்பன்தான், ஆனா அதை செஞ்சு எடுக்குறதுலயே 200 கிலோ கிட்ட போயிடுதுன்னு தயாரிக்கிறவங்களே போடுறாங்க. நாங்க மூணு வருஷத்துக்கு ஒருதரம் நல்லா ஓடுற மெஷினை மாத்திட்டு, ராத்திரி ஷட்டவுன் பண்ணுங்கன்னு ஸ்டிக்கர் ஒட்டுறோம்.

அப்புறம் ஃப்ளைட். அதே விமானம், அதே எண்ணெய்தான், ஆனா பிசினஸ் கிளாஸ் சீட்டு எடத்தை அடைக்கிறதால ஒரு ஆள் பேர்ல கார்பன் எகானமியவிட ரெண்டு மூணு மடங்கு ஏறும். யாரு பிசினஸ்ல போறாங்கன்னு நான் சொல்ல வேண்டியதில்ல. எனக்கும் இதுல உறுத்தல் உண்டு, தீபாவளிக்கு சென்னை போயிட்டு வந்தா ஆபீஸ் பேன்ட்ரியில பேப்பர் கப்பை தொடாம ஒரு வருஷம் மிச்சம் புடிச்சதெல்லாம் அந்த ஒரு டிக்கெட்லயே போயிடும், ஆனா வரலன்னு அம்மாகிட்ட யாரு சொல்றது.

பேன்ட்ரியில என்னமோ பேப்பர் கப்புக்குத்தான் பெரிய போராட்டம். தப்புன்னு சொல்லல, குப்பையெல்லாம் எரிச்சு சாம்பலை செமக்காவ் தீவுலதான் கொட்டுறாங்க, அதுவும் 2035 வாக்குல ரொம்பிடும்னு சொல்றாங்க. ஆனா கப்பை கழுவு, லைட்டை அணைன்னு கவலைப்படச் சொல்றது புதுசா சேந்த பிள்ளைங்ககிட்ட, சில்லர், லேப்டாப், டிக்கெட் மூணுலயும் கையெழுத்து போடுறது வேற ஆளு. இந்த ஷீட்டை நிரப்புனதுல எனக்கு எரிச்சலானது இதுதான்.

இந்த எண்ணையெல்லாம் ஒரே பக்கத்துல வரிசையா போட்டு மேல அனுப்புனேன், கப்பு கடைசி வரியில. லேப்டாப்பை அஞ்சு வருஷம் ஓட்டலாம்னு ஒத்துக்கிட்டாங்க, பட்ஜெட் மிச்சமாகுதுன்னுதான், இருக்கட்டும். பிசினஸ் கிளாஸ் வரியைப் பத்தி யாரும் வாயே தெறக்கல. சில்லர் கணக்கை பிரிச்சு குடுங்கன்னு லேண்ட்லார்டுக்கு மெயில் போட்டிருக்கேன், இன்னும் பதில் வரல.