கேழ்வரகு அளவுப் பல்

அக்டோபர் 9

என் பந்தயக் கோடாலியின் வாய் உடைந்து பல் விழுந்த இடத்தை இன்று உருப்பெருக்கியில் பார்த்தேன். ஒரு கேழ்வரகு உட்காரும் அளவு. அப்பா அதைக் கொண்டு வெட்டிய அந்தப் புளியமரம் சாலையோரம் நின்ற நாளில் விளம்பரப் பலகைக்காக யாரோ அடித்த ஆணியை மரம் தனக்குள் வாங்கி மூடிக்கொண்டதை அப்பாவும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

அக்டோபர் 10

லாங்கு பஜாரில் மின்சாணை வைத்திருப்பவர் ஐந்து நிமிடத்தில் சரிசெய்து தருவதாகச் சொன்னார். மறுத்துவிட்டேன். சூடேறி விளிம்பில் நீலம் பாய்ந்தால் எஃகின் பதமே போய்விடும். அப்பாவின் விறகுத் தொட்டிக் கோடாலி பிளப்பதற்கானது. ஆப்பு போலத் தடித்திருப்பதால் எந்த வேலிக்காத்தான் கட்டையையும் தாங்கும். நியூசிலாந்தின் மாஸ்டர்டனில் செய்த இந்தப் பந்தயக் கோடாலியோ, ஏறத்தாழ 3 கிலோ இருந்தும், நாரைக் குறுக்கே வெட்ட வேண்டியிருப்பதால் வாய் மெலிந்தது; அந்த மெலிவினாலேயே ஆணிக்கும் கணுவுக்கும் உடைகிறது. அப்பாவின் கையில் கொடுக்கும் முன் இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

அக்டோபர் 11

மருத்துவமனையில் அப்பாவைப் பார்க்கும் நேரம் மாலை ஐந்து முதல் ஆறு வரை மட்டும்.

அக்டோபர் 13

பல் இருக்கும் இடத்தை மட்டும் தேய்த்தால் அங்கே குழி விழும். ஆகவே வாய் முழுவதையும் அந்தக் கேழ்வரகின் ஆழத்துக்குப் பின்னே கொண்டுபோக வேண்டும். கல்லை நனைத்துச் சிறு வட்டங்களாகத் தேய்க்கிறேன். மறுபுறம் புரளும் பிசிறு நகத்தில் தட்டுப்பட்ட பிறகே திருப்புகிறேன். இருபுறச் சரிவும் ஒத்திராவிட்டால் வெட்டு ஒரு பக்கம் இழுக்கும். கட்டையின்மேல் ஏறி நின்று தன் கால்களுக்கு நடுவே வெட்டுகிறவன், இரும்பு வலைக் காலுறை போட்டிருந்தாலும், அதை அனுமதிக்க முடியாது.

அக்டோபர் 14

மழை. ஈரமும் விரல் வியர்வையும் துருவாகும் என்பதால் துடைத்து, எண்ணெய் பூசி, பெட்டியில் வைத்தேன். 1891-இல் மரம் வெட்டும் முதல் உலகப் போட்டி டாஸ்மேனியாவின் லாட்ரோப் ஊரில் நடந்தது என்று அப்பாவிடம் முன்பு சொல்லியிருந்தேன். டிசம்பரில் அங்கே போகிறாயா என்று இன்றும் கேட்டார். தன் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அக்டோபர் 16

கோடாலியை வார்டுக்குள் கொண்டுபோக முடியாது. ஆகவே அதன் வாயால் ஒரு தாளை, முனையிலிருந்து முனைவரை இழுத்து, இரண்டாக அறுத்து எடுத்துச் சென்றேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டு அறுத்த ஓரத்தில் பெருவிரலை ஓட்டினார்; முக்கால் தூரத்தில் நின்றுவிட்டது. “இன்னும் கீதுடா” என்றார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அவர் நிறுத்திய இடத்தில் தாள் மயிரிழை அளவு கிழிந்திருந்தது.

அக்டோபர் 17

இரவு பதினொன்று வரை கல். பிறகு ஆம்பூரிலிருந்து வாங்கிவந்த தோல் துண்டில் இழுத்தேன். பிசிறு உதிர்ந்தது.

அக்டோபர் 18

புதிய தாளை அறுத்துக்கொண்டு போனேன். படுக்கை காலியாக இருந்தது. ஏதோ பரிசோதனைக்கு அழைத்துப் போயிருப்பதாகச் சொன்னார்கள். ஆறு மணிக்கு வெளியே அனுப்பிவிட்டார்கள். அறுத்த ஓரம் மடங்காமலிருக்கத் தாளை மருத்துவச் சீட்டுகளின் கோப்புக்குள் வைத்திருக்கிறேன்.